வீட்டில் கார் ஓட்டாதவர் யார்?

சித்தி மகள் போன வாரம் கோவையிலிருந்து கூப்பிட்டாள். அவள் கணவருக்கு மெல்பர்னில் வேலை உறுதியாகிவிட்டது. விசா கையில் இருக்கிறது, பிள்ளைகளோடு டிசம்பரில் கிளம்புகிறார்கள். "வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லைக்கா, நல்ல ஏரியாவா ஒரு பேர் சொல்லு" என்றாள்.

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால் 2023 ஜனவரியில் நாங்கள் இதே கேள்வியோடு வந்து இறங்கி அலைந்தது அப்படியே கண்முன் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினேன். வைத்த பிறகும் பாதி சொல்லாமல் விட்ட மாதிரியே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள், முதல் முறையாகப் பள்ளி வாசலை மிதிக்க வேண்டிய மகன், கூடவே அத்தை, அதாவது என் மாமியார். புது ஊரில் குடித்தனம் வைக்க ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவரும் ஆறு மாதத்துக்கு எங்களோடு கிளம்பி வந்தார். கணவருக்கு டாக்லண்ட்ஸில் அலுவலகம். சிட்னியா மெல்பர்னா என்று நிறுவனம் கேட்டபோது மெல்பர்ன் என்று நாங்கள் சொன்னதற்கு முக்கியமான காரணம் பள்ளிக் கட்டணம். எங்களுடையது 482 என்ற தற்காலிக வேலை விசா. அந்த விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு, சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசுப் பள்ளிகளில் தலைக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் உண்டு. மெல்பர்ன் இருக்கிற விக்டோரியாவில் அது இல்லை. ஏரியா தேடுவதற்கு முன்னால் மாநிலத்தையும் விசாவையும் சேர்த்துப் பாருங்கள் என்று யாரும் முதலில் சொல்வதில்லை. இன்னொன்று, இந்தியர்களுக்குத் தற்காலிக விசாவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. தனியார் காப்பீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை போகும். வாடகைக்கு இவ்வளவு என்று முடிவு செய்யும் முன் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

குடிவரும் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்க நிறுவனம் ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்திருந்தது. அவர் அனுப்பிய பட்டியலில் இருந்தவை எல்லாமே பெரிய பெயர்கள்: டூராக், பிரைட்டன், கேம்பர்வெல், கான்டர்பரி, பால்வின். யாரா ஆற்றுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் மரங்கள் அடர்ந்த, பழைய பணம் குடியிருக்கிற பகுதிகள். டூராக் இந்த நகரத்திலேயே விலை உயர்ந்த இடம் என்று பெயர் பெற்றது, அது எங்கள் கைக்கு எட்டாது. பிரைட்டன் கடற்கரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்தோம். வரிசையாக நிற்கும் வண்ண வண்ண மரக் குடில்கள், வெள்ளை மணல், தூரத்தில் நகரத்துக் கட்டடங்கள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் வாடகையைப் பார்த்ததும் கணவர் ஒன்றும் பேசாமல் ரயில் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

எதிர்த் திசையில், மேற்கே டார்னீட், பாயிண்ட் குக் பக்கம் கணவரின் கல்லூரி நண்பர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அங்கே வாடகை குறைவு, வீடு பெரிது, தெருவுக்குத் தெரு நம்மவர்கள். ஒரு நண்பர் வீட்டில் பொங்கலுக்குப் போய் வாழை இலையில் சாப்பிட்டபோது, இங்கேயே இருந்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எங்களைத் தயங்க வைத்தது ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் பால் தீர்ந்துபோனால் யாராவது கார் சாவியை எடுக்க வேண்டியிருந்தது.

நிறுவனம் நான்கு வாரத்துக்குப் பால்வின் நார்த்தில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்திருந்தது. பட்டியலில் இருந்த ஏரியாதான், பேர்போன அரசு உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கிற இடம். தெரு முழுக்கப் பெரிய மரங்கள், வெட்டிச் சீராக்கிய புல்வெளி, உயரமான வேலிகள். முதல் இரண்டு நாள் ஏதோ ரிசார்ட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, அத்தை காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு "சும்மா தெருவோட நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினார். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். என்ன அத்தை, வழி தெரியவில்லையா என்று கேட்டேன். "வழி தெரியுதும்மா. ஒரு முகம் கண்ணுல படல" என்றார்.

அத்தை திருச்சி உறையூர்க்காரர். வாசல் தெளிக்கும்போதே நாலு பேரிடம் பேசிவிடுவார். பூக்காரம்மா, பால்காரர், கோயிலுக்குப் போகிற எதிர்வீட்டு மாமி என்று காலை ஏழு மணிக்குள் ஊர் நிலவரம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொன்ன பிறகு நானும் கவனித்தேன். அந்தத் தெருவில் யாரும் நடக்கவில்லை. ரிமோட்டில் கராஜ் கதவு திறக்கும், கார் வெளியே போகும், கதவு மூடும். சாயங்காலம் அதுவே தலைகீழாக நடக்கும். மதியம் கேட்பது எங்கோ ஒரு தோட்டக்காரர் இலை ஊதும் இயந்திரத்தின் சத்தம் மட்டும். டிராம் நிறுத்தம் இருந்தது, ஆனால் மேடேறி நடக்க வேண்டும். முப்பத்தாறு டிகிரி வெயிலில் ஒரு கையில் மகனையும் இன்னொரு கையில் காய்கறிப் பையையும் பிடித்துக்கொண்டு நான் ஏறிய அந்த மேட்டை இன்னும் மறக்கவில்லை. எனக்கு இந்த ஊர் ஓட்டுநர் உரிமம் கிடைக்க ஒன்பது மாதம் ஆயிற்று. அதுவரை எங்கள் ஐந்து பேரில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவார்.

அன்று இரவு ஒரு தாளை எடுத்து எழுதினேன். வீட்டில் கார் ஓட்டாதவர் யார் யார்? அத்தை, மகள், மகன், இப்போதைக்கு நான். இந்த நான்கு பேரும் காலால் நடந்து எங்கெங்கே போக வேண்டும்? தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, ரயில், நூலகம், மளிகைக் கடை, டாக்டர், ஒரு பூங்கா. இவ்வளவும் பதினைந்து இருபது நிமிட நடையில் கிடைக்கிற இடம்தான் எங்களுக்கு நல்ல ஏரியா. பணக்கார ஏரியா என்று சொல்லப்படும் இடங்களிலேயே சில இந்தக் கணக்கில் தேறுகின்றன, சில தேறவே தேறாது. விலையைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்புறம் பள்ளி. குடும்பத்தோடு வருகிறவர்கள் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்வது இதுதான். இங்கே அரசுப் பள்ளிகளுக்கு எல்லை உண்டு, சோன் என்பார்கள். உங்கள் நிரந்தர முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு. ஃபைண்ட் மை ஸ்கூல் என்ற அரசு இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் வரைபடத்தோடு காட்டிவிடும். ஒரே சாலையின் இந்தப் பக்கத்து வீடு உள்ளே, அந்தப் பக்கத்து வீடு வெளியே என்று கோடு போயிருக்கும். அந்தக் கோட்டுக்காகவே உள்ளே இருக்கும் வீட்டுக்கு விலையும் வாடகையும் கூடுதல். வீட்டு விளம்பரத்தின் முதல் வரியிலேயே பள்ளியின் பெயரைப் போட்டிருப்பார்கள். விளம்பரத்தை நம்பாதீர்கள். கதவு எண்ணோடு அந்தத் தளத்தில் நீங்களே பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு எல்லை மாறவும் கூடும் என்பதால், பிள்ளை சேரப்போகிற ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

நாங்கள் இருந்த தற்காலிக வீடு எந்தப் பள்ளிக்கும் செல்லாது. குத்தகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது என்று நிரந்தர முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். மகளுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. இங்கே உயர்நிலைப் பள்ளி ஏழாம் வகுப்பில் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பத்தை ஆறாம் வகுப்பு படிக்கும்போதே மே மாதத்தில் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் முகவரி உறுதியாக வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையோடு வருகிறவர்கள் வீட்டை இன்னும் மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது.

பள்ளித் தரவரிசை பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை அழுத்தியே சொல்கிறேன். மை ஸ்கூல் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் நாப்லான் என்ற தேசியத் தேர்வின் மதிப்பெண்களோடு இக்சியா என்று ஓர் எண்ணும் இருக்கும். அதன் சராசரி 1000. பெற்றோரின் படிப்பு, வேலை போன்ற பின்னணியைக் கணக்கிடும் எண் அது, பள்ளி எப்படிப் பாடம் நடத்துகிறது என்பதற்கான மதிப்பெண் இல்லை. பணக்கார ஏரியாப் பள்ளியின் மதிப்பெண் உயர்ந்து நிற்பதில் பெரும் பங்கு அங்கே வந்து குடியேறிய டாக்டர், இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்கள் போகிற டியூஷனுக்கும் சேர வேண்டியது. நீங்களும் அப்படிப்பட்ட பெற்றோர்தான் என்றால், பட்டியலில் முதலாவது பள்ளிக்கும் பத்தாவது பள்ளிக்கும் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கப்போகிற வித்தியாசம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது.

நம்மவர்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொரு விஷயம். நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் அரசுப் பள்ளிகள் மெல்பர்னில் நான்கு: மெல்பர்ன் ஹை, மெக்ராபர்ட்சன், நோசல், சூசான் கோரி. எட்டாம் வகுப்பில் தேர்வு, ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கை. பொதுவாக எந்த ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பிலிருந்தும் ஐந்து சதவீதத்துக்கு மேல் மாணவர்களை எடுப்பதில்லை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் அதே தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிற பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், உங்கள் பிள்ளை அந்த வகுப்புத் தோழர்களோடுதான் இடத்துக்கு மோத வேண்டும். அதிக வாடகை கொடுத்து வாய்ப்பைக் குறைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சலித்துப் பார்த்ததில் எங்களுக்கு மிஞ்சியது க்ளென் வேவர்லி. நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர். அதே பெயருள்ள ரயில் தடத்தின் கடைசி நிலையம், அதனால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். தூரமாயிற்றே, டிக்கெட் அதிகமாகுமே என்று யோசித்தோம். நகர ரயில் கட்டணத்தில் மண்டலங்கள் இரண்டு; 2015 முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம்தான் என்பதால் அந்தக் கவலை போயிற்று. தூரத்துக்கு நாம் கொடுக்கும் விலை நேரம் மட்டுமே. கணவருக்கு ஒரு வழிக்கு முக்கால் மணி ஆகிறது, அதில் புத்தகம் படிக்கிறார். நிலையத்தை ஒட்டி கிங்ஸ்வே தெரு, அதிலேயே நூலகம். சற்றுத் தள்ளி தி க்ளென் என்ற பெரிய கடைத்தொகுதி. உயர்நிலைப் பள்ளி நடக்கிற தூரத்தில். இதுவும் விலை கூடிய ஏரியாதான். இங்கேயும் பள்ளி எல்லைக்காகவே வாடகை ஏறி நிற்கிறது. நாங்கள் கூட்டிக் கொடுக்கிற பணம் எதற்குப் போகிறது என்று மட்டும் எங்களுக்குத் தெளிவாக இருந்தது.

முடிவு செய்யும் முன் ஒரு வியாழக்கிழமை நானும் அத்தையும் இரண்டு பேருந்து மாறி வந்து, பிற்பகல் மூன்றரை மணிக்குக் கிங்ஸ்வேயில் நின்றோம். வார இறுதியில் பார்த்தால் எந்த ஏரியாவும் அழகாக இருக்கும். வார நாளில் பள்ளி விடுகிற நேரம்தான் ஓர் இடத்தின் முகம் தெரிகிற நேரம். சீருடையில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள், தனியாகவே வந்தார்கள். சிலர் நூலகத்துக்குள் போனார்கள், சிலர் தேநீர்க் கடை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாலைச் சந்திப்பில் பச்சை மஞ்சள் உடை போட்ட பெரியவர் ஒருவர் பலகையைப் பிடித்துச் சின்னப் பிள்ளைகளைக் கடக்க வைத்தார். பேரப்பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாத்தா பாட்டிகள் நடந்தார்கள், சீனர்களும் இலங்கைக்காரர்களும் வடஇந்தியர்களும். அத்தை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்க மனுசங்க இருக்காங்க" என்றார். எனக்கு அது போதும்.

வீடு பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்ஷன் என்று பதினைந்து நிமிடம் திறந்து விடுவார்கள், இருபது குடும்பம் வரிசையில் நிற்கும். எங்களுக்கு இங்கே வாடகைக்கு இருந்த வரலாறே கிடையாது. ஆறு வீட்டுக்கு விண்ணப்பித்தோம், ஐந்து போயிற்று. சென்னையில் எங்கள் வீட்டு உரிமையாளர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதம், சம்பள உறுதிக் கடிதம், எங்கள் குடும்பத்தைப் பற்றி நான் எழுதிய அரைப்பக்கக் குறிப்பு, இவற்றைச் சேர்த்து அனுப்பிய ஆறாவது கிடைத்தது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வீட்டு உரிமையாளரிடம் கடிதம் வாங்கி வாருங்கள். பணக் கணக்கில் ஒரு எச்சரிக்கை: வாடகையை வாரத்துக்குச் சொல்வார்கள். எங்களுக்கு வாரம் 650 டாலர். நான்கால் பெருக்கி மாதம் 2,600 என்று மனதில் வைத்திருந்தோம். ஐம்பத்திரண்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 2,817. ஆண்டுக்கு 2,600 டாலர் வித்தியாசம், அதாவது நாங்கள் கணக்கில் விட்டது பதின்மூன்றாவது மாத வாடகை. முன்பணமாக ஒரு மாத வாடகை. விக்டோரியாவில் அது வீட்டுக்காரர் கைக்குப் போகாமல் அரசு அமைப்பில் போய் உட்காருகிறது.

வீட்டைப் பார்க்கும்போது அத்தை கிழக்கு வாசல் தேடினார். அவருக்கு நான் ஒன்று விளக்க வேண்டியிருந்தது. இது தென்கோளம். சூரியன் கிழக்கே உதித்து வடக்குப் பக்கமாகப் போய் மேற்கே மறைகிறது. பகலில் புழங்குகிற அறையின் சன்னல் வடக்குப் பார்த்து இருந்தால்தான் குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரும். ஜூன் மாதம் மாலை ஐந்தே காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் சன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, சுவரும் குளிரைப் பெரிதாகத் தடுக்காது. எவ்வளவு பெரிய ஏரியாவாக இருந்தாலும், தெற்குப் பார்த்த இருட்டு அறையில் ஆகஸ்ட் வரை ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது வாசல் மேற்கு, கூடத்துச் சன்னல் வடக்கு. அத்தை அந்தச் சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார், கிழக்கு வாசல் பேச்சு அதோடு நின்றது.

நாங்கள் விட்டுக்கொடுத்ததையும் சொல்ல வேண்டும். இது யூனிட். ஒரே மனையில் மூன்று வீடுகள், பொது வண்டிப் பாதை. மூன்று படுக்கையறை, மூன்றாவதில் கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை. இதே பணத்துக்கு மேற்கே மாடி வீடு கிடைத்திருக்கும். சேமிப்பு முதல் இரண்டு வருடம் அநேகமாக இல்லை. நான் பகுதிநேரக் கணக்கு வேலைக்குப் போன பிறகுதான் மூச்சு விட்டோம். நம் மளிகைக்கு டாண்டினாங் போக வேண்டும். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் காரில் அரை மணிக்கு மேல் ஆகும், மாதம் ஒரு முறைதான் முடிகிறது. மகள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழையே ஒரு பாடமாக எழுத முடியும் என்பது தெரிந்த பிறகு முணுமுணுப்பு குறைந்திருக்கிறது.

ஆனால் அவள் பள்ளிக்குத் தானே நடந்து போகிறாள், தானே நூலகத்துக்குப் போய்விட்டு ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறாள். பதின்மூன்று வயதில் அந்தச் சுதந்திரம் அவளுக்கு என்ன செய்திருக்கிறது என்பதை அவள் நடையிலேயே பார்க்கிறேன். பெரிய தோட்டமுள்ள வீட்டிலிருந்து நான் அவளைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் அது கிடைத்திருக்காது. இதற்காக இன்னும் இரண்டு வருடம் அந்த வாடகையைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன்.

அத்தைக்கும் ஒரு சிநேகிதி கிடைத்தார். எங்கள் தெருமுனை வீட்டில் ஒரு சீனப் பாட்டி முன்பக்கப் புல்வெளியை எல்லாம் கொத்திக் காய்கறி போட்டிருந்தார். அங்கே சிவப்புத் தண்டோடு ஒரு கீரை நிற்பதை அத்தை பார்த்துவிட்டார். நம் தண்டுக்கீரையேதான், அவர்களும் சமைப்பார்களாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அத்தை தமிழில் கேட்டார், அவர் சீனத்தில் பதில் சொன்னார். திரும்பி வரும்போது அத்தை முந்தானையில் ஒரு கட்டுக் கீரை இருந்தது. மறுநாள் இவர் பருப்புப் போட்டுக் கடைந்து ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த ஆறு மாதம் முடியும் வரை இருவரும் காலையில் ஒன்றாகப் பூங்கா வரை நடந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும்.

சித்தி மகளிடம் எந்தப் பெயரையும் நான் சொல்லவில்லை. அவள் மாமனார் கூட வருகிறாரா, அவள் கார் ஓட்டுவாளா, மூத்தவன் எந்த வகுப்பு என்றுதான் கேட்டேன். முதல் இரண்டு வாரம் எங்கள் மூன்றாவது அறையில் நெருக்கிக்கொண்டு தங்கச் சொல்லியிருக்கிறேன். வார நாளில் நாங்கள் இருவருமாகப் போய் நாலு இடத்தில் மூன்றரை மணிக்கு நின்று பார்க்கலாம் என்று ஏற்பாடு.

நேற்று அத்தை உறையூரிலிருந்து பேசினார். பேரப்பிள்ளைகளை விசாரித்த பிறகு, "அந்தம்மா இந்த வருசம் கீரை விதை போட்டாச்சா?" என்றார். நாளைக் காலை அந்தப் பக்கமாக நடந்து பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.